வாசிப்பு மாதத்துக்கு நாவல் தேடும் நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கு

மலையகப் பாடசாலைகளின் நூலகப் பொறுப்பாசிரியர்களே, வணக்கம்.

வாசிப்பு மாதமான ஒக்டோபரில் தரம் 10, 11 பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க நாவல் தேடுவீர்கள். அழகாக ஓடிக்கொண்டிருந்து திடீரென நெஞ்சை உடைத்துவிடும் நாவல்களை, பிள்ளைகள் அழுவார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை பிள்ளைகள் கைக்குப் போகவேண்டும். போகும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

முதல் கெடுதலைப் புத்தகமே செய்துவிடுகிறது. நம் நாவல்கள் பலவற்றில் அணிந்துரையும் பின்னட்டையும் முடிவுவரை சொல்லிவிடும். 210ஆம் பக்கத்து மரணம் 7ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால், இடையில் வரும் சந்தோஷத்தைப் பிள்ளை நம்பாது. நம்பாத சந்தோஷம் உடைந்தால் வலிக்காது. அட்டைக்கு உறை போடுங்கள். அணிந்துரைப் பக்கங்களைத் தாள் பட்டியால் சுற்றி மூடுங்கள். உலோகக் கிளிப் போடவேண்டாம், நுவரெலியா ஈரத்தில் அது துருவேறிக் கறை விடும். பழைய பிரதியென்றால் கடைசிப் பாரத்தின் (ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டின்) 16 பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப்பாருங்கள்.

40 நிமிடப் பாடவேளையில் உரக்க வாசித்தால் 15 பக்கம் போகும். கதை உடையும் அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு பாடவேளை சேர்த்து எடுங்கள். பாதியில் மணி அடித்துவிடக்கூடாது. அதை வெள்ளிக்கிழமை வைக்கவேண்டாம், இரண்டு நாள் பிள்ளை தனியே சுமக்கும். அந்த அத்தியாயத்தை நீங்களே வாசியுங்கள். குரலை நடுங்கவைக்காமல், முன்பு வாசித்த அதே வேகத்தில் போங்கள். எழுதியவர் செய்யவேண்டியதைச் செய்திருப்பார்.

இனி, எங்களுக்கு மிக முக்கியமானது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடியது. அந்த நாளும் வாசிப்பு மாதத்துக்குள்தான் வருகிறது. நாவலில் மண்சரிவோ தாயின் மரணமோ வருமென்றால், அப்படி இழந்த பிள்ளை வகுப்பில் உண்டா என்று வகுப்பாசிரியரிடம் முதலே விசாரியுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, கதையில் என்ன நடக்கிறது, எத்தனையாம் பக்கத்தில் என்று நேராகச் சொல்லுங்கள். வாசிப்பதா, வேறு புத்தகம் எடுப்பதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். வகுப்பு முழுவதற்கும் அறிவித்தால் எல்லாக் கண்ணும் அதன் முகத்தில்தான் நிற்கும். கதையின் திருப்பத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை அறியாமல் அதற்குள் தள்ளுவது கொடுமை.

வாசித்து முடிந்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். 10 நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். அடுத்த பாடவேளையில் முதல் 50 பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒரு இருமல், பதில் வராத கடிதம், வெட்டாமல் விட்ட கான் (வடிகால்) என்று, வரப்போவதை அங்கேயே ஒளித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளே தேடட்டும், எழுத்தின் வேலை அப்போதுதான் பிடிபடும்.

அதே நாவலை யாராவது மறுபடி இரவல் கேட்டால், “அதான் வாசிச்சிட்டியே” என்று சொல்லாமல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மலையக வாசிப்பு வட்டத்து நண்பர்கள்