அந்த ராத்திரி நான் வீட்டில் இல்லை

குன்னூர்,
ஞாயிறு மாலை

அம்முவுக்கு,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்தது தப்புதான். மறுநாளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் மறுபடியும் கத்திவிடுவேனோ என்று பயம். நீ பெங்களூர் போனதற்கு அப்புறம் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது என்று நினைக்கிறேன். இந்த ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை இந்த ஒரு வாரமாக யோசித்துத்தான் போடுகிறேன்.

2009 நவம்பர் மழையைப் பற்றி நான் சொல்கிற கதை உனக்கு மனப்பாடம். கரண்ட் இல்லை, வீட்டுக்குப் பின்னால் மேடு சரிகிற சத்தம், உன்னைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் சேற்றில் கால் புதையப் புதையப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன் என்பது. எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன்! அந்த வாரம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அதனால் கேட்கிறவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

நீ சொன்னாய்: “அப்பா, அன்னைக்கு நீங்க வீட்லயே இல்ல. அம்மாதான் தூக்கிட்டுப் போனாங்க. இன்னொரு கையில பிஸ்கட் டின் வச்சிருந்தாங்க.” எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

அன்று ராத்திரியே பரண்மேல் ஏறினேன். ஃபேக்டரியில் மழைக்கணக்கு எழுதுகிற வேலை என்னுடையதுதானே, அதை வீட்டு டைரியிலும் ஒரு வரி எழுதி வைப்பேன். 2009-ம் வருஷத்து டைரியின் அட்டையைக் கரப்பான் தின்றிருந்தது. உள்ளே எழுத்து அப்படியே இருக்கிறது. நவம்பர் 9, திங்கள்: “சாயங்காலத்திலிருந்து விடாத மழை. ரோட்டில் மரம். இரவு ஃபேக்டரியிலேயே தங்கல்.” 10, செவ்வாய்: “காலை 8. மழைமானி நிரம்பி வழிந்திருக்கிறது, அளவு எடுக்க முடியவில்லை. நடந்தே வீடு. பின் ரூம் போய்விட்டது. இருவரும் பள்ளிக்கூடத்தில், சேமம். மதியம் பாப்பாவைத் தூக்கி வந்தேன்.”

என் கையெழுத்து. ஃபேக்டரியின் பச்சை மை. ஆனால் படித்தபோது வேறு யாரோ எழுதிய மாதிரி இருந்தது. இப்போதும் கண்ணை மூடினால் சேற்றில் விழுகிற டார்ச் வட்டம் தெரிகிறது. டைரி சொல்வதோ பட்டப்பகல்.

பரணில் உன் சைக்காலஜி புத்தகங்களும் கிடந்தன. டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து, நீ பென்சிலில் கோடு போட்ட பக்கங்களை மட்டும் நாலு நாள் படித்தேன். நீ கோடு போட்டதில் எனக்கு வேண்டியது கிடைத்தது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது அல்லவா? மறுநாள் காலை அட்லாண்டாவில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தியை எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அதில் 44 பேரைப் பிடித்து, அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேருக்கு எல்லாமே தப்பு. மூன்றே பேருக்கு எல்லாம் சரி. தப்பாகச் சொன்னவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள். பழைய தாளைக் காட்டினாலும் பழைய நினைவு திரும்பி வரவில்லையாம். முன்பு இப்படி எழுதிக் கொடுத்தோம் என்பதே முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகமில்லை! அந்தப் பிள்ளைகள் தாளைப் பார்த்து முழித்த முழி எனக்குத் தெரியும், அம்மு. திங்கட்கிழமை ராத்திரி கண்ணாடியில் பார்த்தேன்.

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1885-ல் புத்தகம் போட்டவர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்த பிறகு மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கு வைத்திருக்கிறார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு மிச்சம், ஒரு மாசம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. முதல் நாளிலேயே மளமளவென்று போய்விடுகிறது, அப்புறம் மெதுவாக. மனிதர் மழைக்கணக்கு எழுத வந்திருக்க வேண்டியவர்.

ஆனால் என் கேஸ் மறதி இல்லை. நான் எதையும் மறக்கவில்லை, சேர்த்துக்கொண்டேன். உன்னைத் தூக்கி வந்தது நிஜம், மதியம். டார்ச்சும் இருட்டும் அம்மாவினுடையவை. அவள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருப்பேன். இரண்டும் எப்போது ஒட்டிக்கொண்டன என்று தெரியவில்லை. பின் ரூம் அலமாரியில் இருந்த ரேஷன் கார்டு மட்டும் எப்படித் தப்பியது என்று இத்தனை வருஷம் நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை, பார். என் கதையில் பிஸ்கட் டின்னே கிடையாது.

இதில் என்னைத் தூங்கவிடாதது ஒன்றுதான். நான் கதை சொன்ன இடத்தில் எல்லாம் அம்மாவும் இருந்தாள். ஒரு தடவைகூட “நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு காபி ஆற்றுவாள். விட்டுக்கொடுத்தாளா, இல்லை கேட்டுக் கேட்டு அவளுக்கும் அப்படியே பதிந்துவிட்டதா? கேட்க ஆள் இல்லை. சிரித்தாள் என்பதையாவது நம்பலாமா என்று இப்போது அதிலும் சந்தேகம்.

சரி, உன்னையும் ஒரு இடத்தில் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் டிவியில் நியூஸ் பார்த்தோம் என்றாயே? டைரிப்படி நம் பக்கம் கரண்ட் வந்ததே அடுத்த ஞாயிறு. அந்த டிவி வேறு எங்கேயோ பார்த்தது.

அம்மாவைத் தவிர அந்த ராத்திரி பள்ளிக்கூடத்தில் இருந்தவள் உன் அத்தை. கோத்தகிரியிலிருந்து வியாழக்கிழமை வருகிறாள். அவளிடம் “அண்ணிதானே அம்முவைத் தூக்கிட்டு வந்தாங்க?” என்று கேட்கப் போவதில்லை. உன் புத்தகத்தில் இருக்கிறதே, 1974-ல் லாஃப்டஸும் பாமரும் கார்கள் மோதுகிற படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் ‘இடித்தபோது’ வேகம் என்ன என்று சிலரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்று சிலரிடமும் கேட்டது. நொறுங்க என்று கேட்டவர்களிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றால் 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். இடித்த என்று கேட்டவர்களில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு. அதனால் “அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, சொல்லு” என்று மட்டும் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொள்ளப் போகிறேன். வாயைப் பொத்துவதுதான் எனக்குக் கஷ்டம்.

நீயும் உனக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வை. டைரியில் இருப்பதை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும், ஆர்வத்தில் கொட்டிவிட்டேன். பரவாயில்லை, மிச்சத்தை எழுது: அம்மா என்ன பேசினாள், வழியில் யார் வந்தார்கள், டார்ச் யார் கையில். பொங்கலுக்கு வரும்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என்னுடையதை எழுதி அந்த பிஸ்கட் டின்னிலேயே போட்டிருக்கிறேன்.

பஸ் பார்சலில் வர்க்கி ஒரு கிலோவும் டீத்தூளும் வரும். வர்க்கி நொறுங்கியிருந்தால் என்னைத் திட்டாதே, கண்டக்டரைத் திட்டு. அதுவரை அத்தைக்கு நீயாகப் போன் போட்டுக் கேட்டுவிடாதே. கேட்டால் கெட்டது.

அப்பா