துலோன் ஸ்டேஷன் படம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி, ஆனால் மாடிப்படி விஷயத்தில் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம், சின்னவளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது.

இப்போது என்னதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, எதுவார் பால்துஸ் எடுத்த பழைய பிரெஞ்சு ரயில் புகைப்படங்களைத்தான். பிரஷ்யாவில் பிறந்து, ஓவியராகப் பாரிஸுக்கு வந்து, கேமராவுக்கு மாறியவர். 1851-ல் பழைய கட்டடங்களைப் படமெடுக்க பிரெஞ்சு அரசு அனுப்பிய ஐந்து பேரில் இவரும் ஒருவர். தேவாலயம், ரோமானிய வளைவு என்று கல்லையே எடுத்துப் பழகியவருக்கு 1855-ல் ரயில் வேலை வருகிறது. அந்த ஆகஸ்டில் விக்டோரியா மகாராணி பூலோனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போனார் இல்லையா, அந்தப் பாதையை 50 படங்களாக எடுத்து மகாராணிக்கு ஓர் ஆல்பம் தயாரிக்கச் சொன்னவர் வடக்கு ரயில்வே கம்பெனியின் தலைவர் ரோத்ஸ்சைல்ட். அதில் அமியான் தேவாலயமும் உண்டு, வழியிலிருந்த ஸ்டேஷன்களும் உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1861 வாக்கில் பாரிஸ்-லியோன்-மத்தியதரைக்கடல் கம்பெனிக்காகச் செய்த ஆல்பம். 69 படங்கள். ரோமானியர் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய போன் து கார் பாலம் இருக்கும் அதே ஆல்பத்தில் புது ரயில் பாலங்களும் சுரங்க வாயில்களும் வருகின்றன, இரண்டுக்கும் ஒரே மரியாதை. தென் பிரான்ஸில் இருக்கும் துலோன் ஸ்டேஷனை உள்ளேயிருந்து எடுத்திருக்கிறார் பார், தண்டவாளம் நேராக நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, மேலே இரும்புச் சட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. அன்றைக்கு ஒரு படத்துக்கு லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்கவேண்டும், அதில் ஓடும் ரயில் சிக்காது, அசையும் ஆளும் கரைந்துவிடுவார், அதனால்தானோ என்னவோ கட்டடம் மட்டும் அவ்வளவு தெளிவாக நிற்கிறது. அன்றைக்கு ஸ்டேஷனைக் கட்டடக்கலை என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனசில்லை. இவர் வாதாடவில்லை, தேவாலயத்தின் முன்னால் நின்ற மாதிரியே ஸ்டேஷனிலும் நின்று எடுத்தார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் ஒரு வருத்தமான சேதி, இவ்வளவு செய்தவர் கடைசியில் திவாலாகி 1889-ல் இறந்துபோனார்.

துலோன் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீ இத்தனை வருஷம் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகங்கள் (டிரஸ்) போட்டவன், அந்த மெல்லிய கம்பிகளைப் பார்த்துவிட்டு அது கம்பிகளால் இழுத்துக் கட்டும் பொலோன்ஸோ வகைச் சட்டகம்தானா என்று எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி