மகளிர் விடுதிகளில் திருநங்கையரைச் சேர்ப்பது குறித்து எழுத்துபூர்வ நெறிமுறை வேண்டி மனு

அனுப்புநர்:
தனியார் மகளிர் விடுதியொன்றில் தங்கிப் பணிபுரியும் பெண்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் விடுதிக்குச் சென்ற மாதம் இடம் கேட்டு வந்த திருநங்கை ஒருவரின் ஆதார் அட்டையில் பாலினம் பெண் என்றே இருந்தது. காப்பாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைச் சான்று இருக்கிறதா என்று வரவேற்பறையில் இருந்த அனைவர் காதிலும் விழும்படி கேட்டார். பிறகு இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அன்று எங்கள் தளத்திலேயே கட்டில்கள் காலியாக இருந்தன.

ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்ள உரிமை உடையவர் என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 15.04.2014 அன்று தீர்ப்பளித்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் கூறியது. விடுதி நிர்வாகமோ, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 16.04.2025 அன்று அளித்த தீர்ப்பைக் காரணம் காட்டுகிறது. அத்தீர்ப்பு அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது பிறப்பால் அமைந்த பாலினத்தையே குறிக்கும் என்று பொருள் கண்டது. நம் விடுதிகளை அது கட்டுப்படுத்தாது. பாலினம் மாறியோருக்குப் பாகுபாட்டுக்கு எதிராக உள்ள பாதுகாப்பு தொடரும் என்று அதே தீர்ப்பு சொன்னதை நிர்வாகம் குறிப்பிடுவதே இல்லை.

எங்களுள் சிலருக்குத் தயக்கம் உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான்கு பேர் ஒரே அறையில் உடை மாற்றுகிறோம். குளியலறைக் கதவுகள் சிலவற்றில் தாழ்ப்பாள் விழுவதில்லை. யார் புதிதாக வந்தாலும் இந்த நிலையில் கூச்சம் வரத்தான் செய்யும். எங்கள் அந்தரங்கத்துக்கு நிர்வாகம் செய்து தர வேண்டிய வசதியைச் செய்யாமல், எங்கள் பாதுகாப்பின் பெயரைச் சொல்லி ஒருவரை வாசலிலேயே அவமதிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

மகளிர் விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் கீழ் விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் தாங்கள், அடையாள ஆவணத்தில் பெண் என்று உள்ளவரிடம் உடல் குறித்தோ சிகிச்சை குறித்தோ கேட்கக் கூடாது என்றும், ஒவ்வொரு குளியலறைக்கும் தாழிடக்கூடிய கதவு இருக்க வேண்டும் என்றும், தனியறை வேண்டுவோர் யாராயினும் இயன்றவரை அதை ஒதுக்க வேண்டும் என்றும், சேர்க்கை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மேற்படி மறுப்பு குறித்து விசாரிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விடுதியில் தங்கியுள்ள பெண்கள்

நகல்: மாவட்ட சமூக நல அலுவலர்