பிராது போடும் முன் ஒரு வார்த்தை

நெல்லைச் சீமையில் சிவில் கேஸ் நடத்தும் வக்கீல் அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவிப் பக்கம் எனக்கு ஏழு சென்ட் மனை இருக்கிறது. பக்கத்துக்காரர் ஒருநாள் எல்லைக்கல்லைப் பிடுங்கித் தன் மாட்டுத் தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அண்டக் கொடுத்துவிட்டார். சர்வே நம்பர் கொத்தின பக்கம் வெளியே தெரிய, அதில் மாடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.

நான் போய்ப் பார்த்த வக்கீல், "அவர் மனைக்குள் தலையிடக் கூடாதென்று நிரந்தரத் தடை மட்டும் கேட்போம், செலவு கம்மி" என்றார். எந்தக் கோர்ட், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் வழக்கின் மதிப்பைப் பொறுத்தது; வெறும் தடை கேட்டால் அந்த மதிப்பு நாம் போடுவதுதானாம். சின்னத் தொகையாகப் போட்டார். ஆகக் கீழே இருக்கிற சிவில் கோர்ட்டான முன்சீப் கோர்ட்டில் வழக்கு பதிவாகி நம்பரும் ஆகிவிட்டது.

எதிராளி பதிலுரையில் "மனையே என்னுடையது" என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார். அப்புறம் உரிமை விளம்புகையும், அதாவது மனை என்னுடையதுதான் என்று கோர்ட் அறிவிக்க வேண்டும் என்றும், கேட்டால்தான் கேஸ் நிற்கும் என்று வழக்கு மனுவான பிராதைத் திருத்தினோம். அதற்குள் மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. விளம்புகையும் தடையும் சேர்த்துக் கேட்டால், 1955-ம் வருஷத்து நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, சந்தை மதிப்பில் பாதியைக் காட்ட வேண்டும். அந்தப் பாதியே முன்சீப் கோர்ட் விசாரிக்கக்கூடிய தொகை வரம்பைத் தாண்டிவிட்டது. பிராதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேலே இருக்கிற சப் கோர்ட்டில் விசாரணை முதலிலிருந்து.

தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு நடத்திய நாட்களைக் வழக்குப் போடும் கெடுவிலிருந்து காலவரையறைச் சட்டம் 14-ம் பிரிவு கழித்துக்கொடுக்கும், சரி. வாய்தா வாய்தாவாக நான் பஸ் ஏறி இறங்கிய நாட்களை யார் கொடுப்பது?

கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. விசாரிக்க அதிகாரமுள்ளவற்றில் ஆகக் கீழே இருக்கிற கோர்ட்டில்தான் வழக்கைப் போட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், 15-ம் பிரிவு. நல்ல ஏற்பாடுதான். இல்லையென்றால் வரப்புத் தகராறுக்கெல்லாம் பாளையங்கோட்டை ஜில்லா கோர்ட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். மதிப்பைக் குறைத்துப் போட்டு உள்ளே நுழைந்துவிடுவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே கட்சிக்காரரிடம் கேளுங்கள்: எதிராளி உரிமையை மறுப்பாரா, அவரிடம் என்ன பத்திரம் இருக்கிறது? மறுப்பார் என்றால் மதிப்பு எவ்வளவு, எந்தக் கோர்ட், எவ்வளவு கட்டணம் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். 2017-ல் நீதிமன்றக் கட்டணத்தை வழக்கு மதிப்பில் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். கடனை உடனை வாங்கியாவது கட்டியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.