முதல் தொகுதியினர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள், ஜூலை 1 ஆயுதப்படை நாள். இரண்டையும் ஒட்டி ஆண்டுதோறும் நம் சிங்கப்பூர்ப் படையைப் பற்றி நிறைய பேசுகிறோம், கண்காட்சிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். நல்லதுதான். ஆனால் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. படையே வெளியிடும், 1969ல் தொடங்கிய ‘பயனியர்’ இதழும் சரி, 1975 முதல் வரும் ‘பாயிண்டர்’ ஆய்விதழும் சரி, இன்று ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் பலருக்கு அந்த மொழி தெரியாது. அவர்கள் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு நல்ல புத்தகம் வர வேண்டாமா?

இந்த மண்ணின் போர் வரலாற்றில் நம்மவர்கள் ஓரமாக நின்றவர்கள் இல்லை. புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்ததைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் இரண்டே நாளில், 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் நடந்ததைக் கேட்டுப்பாருங்கள். ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்களை அவர்களுடைய பிரிட்டிஷ் அதிகாரிகளிடமிருந்து பிரித்து அங்கே திரட்டி, ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். கேப்டன் மோகன் சிங் அவர்கள் முன்னால் பேசினார். இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேதான் பெரிய அளவில் ஆள் திரண்டது. மறுத்துவிட்டுக் கைதிகளாகவே இருந்து துன்பப்பட்டவர்களும் உண்டு, அவர்களையும் மறக்கக்கூடாது. 1943 ஜூலையில் நேதாஜி வந்த பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். பால் மரம் வெட்டிய பெண்கள், டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். இன்றைக்குத் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மில் எத்தனையோ பேர் அந்தத் திடலைத் தாண்டித்தான் போகிறோம். இப்போது அங்கே வீடுகள் கட்டவும் திட்டமாகிவிட்டது. கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனால் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அதற்குப் பின்னால், தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கென்று தனியாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியப் படையினர். பலர் அதுவரை போகாமலே திரும்பிவிடுகிறார்கள்.

சரி, அந்தத் தலைமுறை போய்விட்டது. நான் அவசரப்படுவது அடுத்த தலைமுறைக்காக. 1967 மார்ச்சில், இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் தேசிய சேவைச் சட்டம் நிறைவேறி, அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் தொகுதி முகாமுக்குள் போனது. என் அப்பா அதில் ஒருவர். 1949ல் பிறந்தவர்கள் அவர்கள். எல்லாரும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அப்பத்தாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் அப்பா முகாமிலிருந்து தமிழில்தான் கடிதம் போடுவார். அந்தக் கடிதங்களை அப்பத்தா பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றில், சட்டைக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட நானே பழகிவிட்டேன், சப்பாத்தில் முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றில், கட்டளை எல்லாம் மலாயில், பக்கத்துக் கட்டில்காரருக்கு ஹொக்கியன் சீனம்தான் தெரியும், இரண்டு பேரும் பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், பேசிச் சமாளிக்கிறோம் என்று ஒரு வரி. படை எப்படி ஒரு படையாக ஆனது என்பதை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் தாளை நான் பார்த்ததில்லை.

பெரியவர்களின் கதை எழுதப்பட்டுவிடும். 1974ல் லாஜு படகுக் கடத்தலின்போது, பிணையாகக் கூடவே குவைத் வரை போன, பின்னாளில் அதிபரான எஸ்.ஆர். நாதனை நாடு நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயமும்கூட. சாதாரணச் சிப்பாயின் கதையோ வீட்டு அலமாரியில் கிடக்கிறது. வீடு மாறும்போது அதுவும் குப்பைக்குப் போய்விடுகிறது.

தற்காப்பு அமைச்சும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து தமிழில் ஒரு தொகுப்பு கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலக் கையேட்டை அப்படியே பெயர்த்துத் தந்தால் போதாது. தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன, நூலகத்தின் மின்தொகுப்பில் பழைய தமிழ் நாளிதழ்கள் இருக்கின்றன, வீடுகளில் கடிதங்களும் படங்களும் இருக்கின்றன. இவற்றிலிருந்து எழுத வேண்டும். தேசிய சேவை முடித்த தமிழ் இளைஞர்களையே பேட்டி எடுக்க அனுப்பலாம். தாத்தாமார்கள் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

உங்கள் பத்திரிகையும் இதற்கு ஒரு வழி செய்யலாம். முதல் சில தொகுதிகளில் சேவை செய்தவர்களின் கடிதங்களையும் படங்களையும் கேட்டு ஓர் அறிவிப்பு போடுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் கொடுக்கத் தயங்குவார்கள். என் அப்பா சம்மதித்துவிட்டார். அவருடைய கடிதங்களை நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி