பத்து வருடம் இருந்தேன், எட்டு வருடம்தான் ஏறியிருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடற்கரையில் துபாய், சவூதி, மலேசியா போய் வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, எதைக் கேட்டாலும் சொல்ல ஆள் இருக்கிறது. லண்டன் பக்கம் போய்த் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் அங்கே சம்பளத்தில் பிடித்த பணம் என்ன ஆயிற்று என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வதே இல்லை. நானும் கேட்காமல்தான் இருந்தேன்.

2006 மார்ச்சில் போய் 2016 மே மாதம் திரும்பினேன். சம்பளச் சீட்டில் மாதாமாதம் நேஷனல் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். வருமான வரிக்குத் தம்பி போல என்று நினைத்து விட்டுவிட்டேன். பிரிட்டன் அரசு தரும் ஓய்வூதியத்துக்குக் கணக்கே அதை வைத்துத்தான். அந்தக் கணக்கில் 35 வருடம் ஏறியிருந்தால் முழுத் தொகை. 10 வருடமாவது இருந்தால் அதற்கேற்ற பங்கு. 9 இருந்தால் ஒன்றும் கிடையாது, கட்டியதும் திரும்பி வராது.

போன வருடம் தை மாதம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சின்ன வாப்பா மகன் போன் போட்டு, "காக்கா, உங்க இன்சூரன்ஸ் கணக்கைப் பார்த்தீங்களா?" என்றான். பத்து வருடம் இருந்தேன், பத்து இருக்கும் என்றேன். அரசு இணையதளத்தில் பார்த்தால் எட்டுதான்!

விடுபட்ட இரண்டும் நான் வேலையில்லாமல் இருந்தவை. 2012 மார்ச்சில் நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். 2014 சித்திரை வரை சரியான வேலை கிடைக்கவில்லை, நண்பர்கள் அறையில் ஓரமாகப் படுத்துக்கொண்டு சனிக்கிழமைச் சந்தையில் கைச்செலவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருந்தது, ஆனால் நான் போகவில்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிய கையோடு போய்க் கையேந்துவதா என்ற வீராப்பு. உதவித்தொகை வேண்டாம் என்றாலும் சரி, வேலை தேடுகிறேன் என்று முறையாகப் பதிந்து வைத்தாலே அந்த வாரங்களை இலவசமாகக் கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் தெரியாது. அந்த வீராப்பின் விலை பின்னால் வருகிறது.

எங்கள் ஊர்களில் ஜமாஅத் சந்தா, பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் தலைக்கட்டு வரி. வருடக்கணக்கில் கட்டாமல் இருந்துவிட்டு, வீட்டில் கல்யாணம் என்று வந்ததும் பாக்கியை மொத்தமாக எண்ணி வைத்தால் நோட்டில் வரவு வைத்துவிடுவார்கள். பிரிட்டனிலும் விட்டுப்போன வருடத்துக்குச் சொந்தப் பணத்தைக் கட்டிச் சேர்க்கலாம். வித்தியாசம், அவர்கள் கடந்த ஆறு வருடப் பாக்கியைத்தான் பொதுவாக வாங்குவார்கள். 2006 வரை பின்னால் போய்க் கட்ட ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள், அது 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிந்தது. தம்பி எனக்குச் சொன்னபோது மூன்று மாதம்கூட மிச்சமில்லை.

ஒரு வருடத்துக்கு 824 பவுண்டு, இரண்டுக்கு 1,648. நம் காசில் 1,80,000 ரூபாயைத் தொட்டது. நான் ஊருக்கு வந்ததிலிருந்து வாப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பவன், எனக்கு ஏது அவ்வளவு பணம்? மச்சானிடம் பாதி கைமாற்று வாங்கி, மீதிக்கு வீட்டம்மாவின் கையைப் பார்த்தேன் (வளையல் இருந்த கை). முதலில் அவர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எந்த வருடத்தைக் கட்டினால் பலன் உண்டு என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்புறம் 18 இலக்க எண் ஒன்று வாங்கி, அந்த எண்ணைக் குறிப்பிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். கடல் காற்று இரைச்சலில் அந்த 18 எண்ணையும் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதினேன்.

இப்போது பத்து வருடம். எனக்கு 67 வயதாகும்போது 35-இல் 10 பங்கு வரும், 2025-26 கணக்கில் பார்த்தால் வாரம் 65 பவுண்டுக்குக் குறையாது. ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கினால் முதல் நாள் என்ன தொகையோ அதுவே கடைசி வரை. அங்கே இருப்பவர்களுக்கு வருடாவருடம் ஏற்றுவார்கள், நமக்கு ஏற்ற மாட்டார்கள். இது எனக்கு அநியாயமாகப் படுகிறது, இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிவிடாதீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் விசா முடிந்து வந்துவிடப் போகிறவர் பத்தைத் தொட வழியில்லாமல் கட்டினால் அது கடலில் கரைத்த பெருங்காயம். நீண்ட நாள் இருக்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. 2025-26-இல் ஒரு முழு வருடத்துக்குச் சுமார் 923 பவுண்டு, அதற்கு ஓய்வூதியத்தில் ஆண்டுக்கு 340 பவுண்டு சொச்சம் கூடும், மூன்று வருடம் வாங்கினால் போட்டது வந்துவிடும். அதையும் கட்டுவதற்கு முன்னால் இலவசமாக ஏற வேண்டியது ஏறிவிட்டதா என்று பாருங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அங்கே குழந்தை உதவித்தொகைக்குப் பதிந்திருந்தால், வீட்டில் இருக்கும் தாய்க்கும் வருடம் ஏறும்.

ஊருக்குத் திரும்பி இங்கே வேலை பார்ப்பவர்கள் வாரம் 3.50 பவுண்டில் கட்டிக்கொண்டிருந்த மலிவான கட்டண வகையை 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நிறுத்துவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கட்ட வருபவர்கள் அங்கே பத்து வருடம் இருந்திருக்க வேண்டும் அல்லது பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும் என்றும் இறுக்கியிருக்கிறார்கள்.

அயலகத் தமிழர் நலத்துறை ராமநாதபுரத்தில் மாதம் ஒரு நாளாவது ஒரு மேசை போட்டு, திரும்பி வந்தவர்களின் வெளிநாட்டு ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளை உட்கார வைத்தால் போதும். வளைகுடாவிலிருந்து வந்தவர்களும் பணிக்கொடை பாக்கி என்று காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், அவர்களுக்கும் ஆகும். கீழக்கரையில் போட்டால் மேசையும் நாற்காலியும் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கீழக்கரை