த்ரில்லர் அலமாரி எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாடகை நூலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "த்ரில்லர் ரேக்கை எங்கே தூக்கி வைத்தீர்கள்?" என்பது. மீதிப் பேர், "குடும்ப நாவலெல்லாம் எங்கே சார்?" என்றார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கத்து நீள அலமாரியில் வைத்துவிட்டோம். கவுண்டரில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் விளக்குவதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இந்த மடல். கடன் நாட்களும் கொஞ்சம் மாறுகின்றன, அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. துப்பறியும் கதைகள், போலீஸ் கதைகள், உளவாளிக் கதைகள் எதுவும் அசையவில்லை. மாத நாவல்களும் வாசலோரக் கம்பி ஸ்டாண்டிலேயே இருக்கின்றன. குற்றக் கதைகளில் இடம் மாறியது உளவியல் த்ரில்லர் என்று நாம் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தவை மட்டும்.

ஏன் மாற்றினோம்? துப்பறியும் கதையில் ஒரு குற்றம் நடக்கும், வெளியிலிருந்து ஒருவர் வந்து கண்டுபிடிப்பார். உளவியல் த்ரில்லரில் அப்படி ஒருவர் வந்தாலும் அவரால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கணவன்மேல் மனைவிக்கும், அக்காமேல் தங்கைக்கும், பெற்றவள்மேல் பிள்ளைக்கும் வருகிற சந்தேகம்தான் அங்கே கதை. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரு குடும்ப நாவல்.

கில்லியன் ஃபிளின் 2012-இல் எழுதிய 'கான் கேர்ல்' நம்மிடம் பைண்டிங் பிய்ந்து மறுபடி வாங்கிய புத்தகம். ஐந்தாவது திருமண நாளன்று காலையில் மனைவியைக் காணவில்லை. ஒரு அத்தியாயம் கணவன் சொல்வது, அடுத்தது மனைவியின் டைரி. எல்லோரும் இதன் திருப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொருளாதார மந்தத்தில் இருவருக்கும் நியூயார்க்கில் பத்திரிகை வேலை போகிறது. அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மிசௌரியில் அவன் பிறந்த ஊருக்குக் குடி போகிறார்கள். அவள் பணத்தில் அவன் ஒரு மதுக்கடை திறக்கிறான். வேலை போனது, மாமியார் ஊர், மனைவியின் பணம். இதில் எது நமக்குத் தெரியாத சங்கதி? இந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்தத் திருப்பம் வெறும் வித்தையாகத்தான் நின்றிருக்கும்.

த்ரில்லருக்கும் குடும்ப நாவலுக்கும் உள்ள இந்த உறவு இன்று நேற்று வந்ததும் அல்ல. வில்கி காலின்ஸ் எழுதிய 'தி உமன் இன் ஒயிட்' 1859, 1860-இல் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நூற்றறுபது வருடம் தாண்டிய கதை, இனி கொஞ்சம் சொன்னால் தப்பில்லை. பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட கணவன், அவள் சொத்துக்காக அவளை வேறொருத்தி என்று சொல்லி மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறான். கதையைப் பலர் மாறி மாறி, கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். இன்றைக்கு எந்த த்ரில்லரைத் திறந்தாலும் 'அவன்', 'அவள்', 'அப்போது', 'இப்போது' என்று அத்தியாயத் தலைப்பு வருகிறதே, அதற்கு இது ஒரு முன்னோடி. அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் 1882-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் புருஷன் நல்லவனா கெட்டவனா என்பது உயிர் போகிற கேள்வி. த்ரில்லருக்கு வேறு என்ன வேண்டும்?

நம் ஊரில் மட்டும் என்ன? கடைசி அலமாரியில் பைண்ட் செய்த பழைய தொடர்கதைகள் இருப்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். குமுதம், விகடன், கல்கியிலிருந்து வாராவாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ முதுகு போட்டு யாரோ ஒரு வீட்டில் பாதுகாத்தவை. அறுபதுகளிலிருந்து எண்பதுகள்வரை ஒரே இதழில் இந்தப் பக்கம் கொலைத் தொடர் ஓடும், அந்தப் பக்கம் குடும்பத் தொடர் ஓடும். சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-இல் குமுதத்தில் வந்தபோது அதைப் படித்தவர்கள் வேறு, லட்சுமியின் குடும்பக் கதைகளைப் படித்தவர்கள் வேறு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பத்திரிகை வீட்டுக்கு வரும், எல்லோரும் எல்லாவற்றையும் படிப்பார்கள். ஆண்களுக்கு மர்மம், பெண்களுக்குக் குடும்பம் என்று பிரித்தது எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். ஸ்டிக்கர் ஒட்டினால் தேட எளிது, அவ்வளவுதான் காரணம். லட்சுமி கதைகளை 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அவர் மருத்துவம் படித்த டாக்டர், 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர்.

சேர்த்து வைத்ததில் எனக்கு அதிகச் சந்தோஷம் தந்த இடம் மூன்றாவது தட்டு. அங்கே இரண்டு புத்தகங்களை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்று, செலஸ்ட் இங் 2014-இல் எழுதிய 'எவ்ரிதிங் ஐ நெவர் டோல்ட் யூ'. பெண் இறந்துவிட்டாள், வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார் ஆசிரியர். 1977, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா சீன வம்சாவளி, அம்மா வெள்ளைக்காரி. அம்மாவுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை, நடக்கவில்லை. அந்த ஆசை முழுவதையும் மகள் தலையில் ஏற்றுகிறாள். அப்பாவுக்கு, தனக்குக் கிடைக்காத நண்பர் கூட்டம் மகளுக்குக் கிடைத்தால் போதும். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டியே வளர்கிறாள். நீட் பயிற்சி வகுப்பு வாசலில் ஸ்கூட்டரில் காத்திருக்கிற பெற்றோர் யாராவது இதை எடுத்துப் போனால் இரண்டு நாள் தாமதத்துக்குக் கட்டணம் வாங்க மாட்டேன், சத்தியமாக. இது த்ரில்லரா, குடும்ப நாவலா? சாவுக்குக் காரணம் தெரியாமல் கீழே வைக்க முடியாது. ஆனால் காரணம் என்று தெரியவருவது அந்த வீட்டில் பல வருடமாகப் பேசப்படாத பேச்சு.

இன்னொன்று, விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்'. தமிழிலும் கிடைக்கிறது. சின்னப் புத்தகம். பெங்களூரில் எறும்பு மொய்க்கிற வாடகை வீட்டில் கஷ்டப்பட்ட குடும்பம். சித்தப்பா மசாலாத்தூள் கம்பெனி ஆரம்பித்துப் பணம் வருகிறது, பெரிய வீடு வருகிறது. அந்தப் பணத்தைக் காப்பாற்ற அந்த வீட்டார் எதுவரை போவார்கள்? அதற்குள் மருமகளாக வருகிற பெண் எதையும் கேட்காமல் இருக்க மாட்டாள். ஒரு கத்தி, ஒரு துப்பாக்கி கண்ணில் படாமலே முதுகுத்தண்டு சில்லிடுகிறது. முன்பு இது 'இந்திய இலக்கியம்' ரேக்கில் தூசி படிந்து கிடந்தது. இப்போது வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, ரிடர்ன் வந்த அன்றே அடுத்தவர் கைக்குப் போகிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு விதிகளுக்கு வருகிறேன். தாஃப்னி டு மோரியே 1938-இல் எழுதிய 'ரெபெக்கா'. பணக்கார வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போகிற பெண் சொல்கிற கதை. முதல் மனைவியின் அறையை அப்படியே காத்து வைத்திருக்கிறாள் அந்த வீட்டை நிர்வகிக்கிற பெண்மணி. இறந்தவள் பெயர்தான் நாவலுக்கே தலைப்பு, சொல்பவள் பெயர் கடைசிவரை தெரியாது. ஆங்கிலம் கொஞ்சம் பழசு, முதல் அறுபது பக்கம் மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். புது த்ரில்லர்கள் மாதிரி நாலு பக்கத்துக்கு ஒருமுறை இது உங்களைக் கிள்ளாது.

கிள்ளல் என்றதும் என் எரிச்சல் ஒன்று. அட்டையிலேயே 'இந்த முடிவை உங்களால் ஊகிக்கவே முடியாது' என்று அச்சடித்து வருகிற புத்தகங்கள் பெருகிவிட்டன. அப்படிச் சொன்னதுமே வாசகர் கதையை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார். அதைத் தோற்கடிக்க ஆசிரியர், கடைசி இருபது பக்கத்தில் இதுவரை வாயே திறக்காத மைத்துனியைக் கொலைகாரி ஆக்குகிறார். இத்தகைய புத்தகங்களை வாங்குவதைக் குறைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கமும் சுத்தம் இல்லை. அழ வைப்பதற்கென்றே கடைசியில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி வைத்திருக்கும் குடும்ப நாவல்களுக்கும் இனி இடம் குறைவு. கேட்டால் வரவழைத்துத் தருவேன், முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு.

சரி, விதிகள்.

புத்தக முதுகில் வண்ணப் புள்ளி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் கொலையும் அடிதடியும் விவரமாக வரும். நீலம் என்றால் குழந்தை இழப்பு, தற்கொலை, நீண்ட நோய், குடும்ப வன்முறை இவற்றில் ஏதாவது கதையின் மையத்தில் இருக்கிறது. இது பயமுறுத்த அல்ல. வீட்டில் துக்கம் நடந்து சில மாதமே ஆனவர் தெரியாமல் அப்படி ஒரு புத்தகத்தை எடுத்துப்போய்ப் பாதியில் திருப்பிக் கொண்டுவந்த சம்பவங்கள் உண்டு. கதையைச் சொல்லாமலே என்ன வருகிறது என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்கள் கவுண்டரில் இருக்கிறோம், தயங்காமல் கேளுங்கள். நீலப் புள்ளி இருப்பது மோசமான புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள், 'எவ்ரிதிங் ஐ நெவர் டோல்ட் யூ'வுக்கும் அந்தப் புள்ளி உண்டு.

கடன் நாள்: சிவப்புப் புள்ளிப் புத்தகங்களுக்கு இனி ஒரு வாரம். மூன்று தலைமுறைக் கதை சொல்கிற கனத்த குடும்ப நாவல்களுக்கு மூன்று வாரம். மற்றவை வழக்கம்போல் இரண்டு வாரம். ஒரு வாரம் குறைச்சல் என்று சிலர் முணுமுணுத்தார்கள். த்ரில்லரைப் பத்து நாள் தலையணை அடியில் வைத்துவிட்டு எடுத்தால் யார் எந்தத் தேதியில் எங்கே இருந்ததாகப் பொய் சொன்னார் என்பதே மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்துதான். குடும்ப நாவல் அப்படி அல்ல. நடுவில் நாலு நாள் விட்டாலும் அந்தப் பெரியம்மாவும் அவர் கோபமும் அங்கேயே இருப்பார்கள். டெபாசிட்டும் சந்தாவும் மாறவில்லை.

அப்புறம், பென்சில் விவகாரம். மூன்றாம் பக்கத்தில் கொலைகாரர் பெயரை எழுதி வைக்கிற ஒரு நல்ல உள்ளம் நம்மிடையே இருக்கிறார். அவர் சார்பில் ஒரு வாசகர் வக்காலத்தும் வாங்கினார்: 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வில், முடிவு முன்கூட்டியே தெரிந்தவர்கள்தான் கதையை அதிகம் ரசித்தார்களாம். உண்மைதான், அப்படி ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் கொடுத்தவை சிறுகதைகள். நானூறு பக்க நாவலோடு மூன்று ராத்திரி விழித்திருப்பது வேறு சங்கதி. பின்னால் வந்த ஆய்வுகளில் நேர்மாறான முடிவும் உண்டு. முடிவைத் தெரிந்துகொண்டு படிக்க விரும்புகிறவர் தாராளமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டட்டும், அது அவர் உரிமை. அடுத்தவருக்காக அதை எழுதி வைக்க வேண்டாம். 1926-இல் வந்த ஒரு அகதா கிறிஸ்டி நாவல் நம்மிடம் இப்படித்தான் கெட்டது. அதன் பெயரைக்கூட இங்கே எழுதப்போவதில்லை, இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். இனி எழுதிய பக்கம் தெரிந்தால் புத்தக விலை முழுவதும் டெபாசிட்டில் கழியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிப்பவர்கள் நம்மிடம் நிறைய இல்லை. அதனால் ஒரு சலுகை. ஒரு சிவப்புப் புள்ளிப் புத்தகத்தோடு புள்ளியே இல்லாத குடும்ப நாவல் ஒன்றைச் சேர்த்து எடுத்தால், இரண்டாவதற்கு வாடகை இல்லை. ஆடி மாதம் முழுக்க இது உண்டு. எது எதற்கு ஜோடி என்று கேட்டால் சொல்கிறோம். 'கான் கேர்ல்' எடுப்பவருக்கு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' கொடுத்துப் பார்க்கிறேன் இப்போது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தை எல்லோரும் எப்படித் தெரியாததுபோலச் சுமக்கிறார்கள் என்பதை 1966-லேயே அவர் எழுதிவிட்டார். "இதில் கொலை எங்கே?" என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். இன்னொருவர் இரண்டாம் தடவை எடுத்துப் போயிருக்கிறார்.

பைண்ட் செய்த பழைய தொடர்கள் மட்டும் கொஞ்ச நாள் வீட்டுக்குக் கொடுக்கப்பட மாட்டாது. தாள் நொறுங்குகிறது, மறுபடி தைக்கக் கொடுக்க வேண்டும். கடையிலேயே உட்கார்ந்து படிக்கலாம், மாலை 4 மணி முதல் 8 மணி வரை. ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம், மின்விசிறியும் உண்டு. பாதியில் நிறுத்துகிறவர்கள் மூலையை மடிக்காமல், கவுண்டரில் இருக்கும் அட்டைத் துண்டை அடையாளம் வைத்துவிட்டுப் போகவும்.

அன்புடன்,
உங்கள் வாடகை நூலகத்தார்
தில்லை நகர், திருச்சி